நிலம் தொட்ட விரல்

பீகாரில் நாளந்தாவுக்கு அருகே ஜகதீஷ்பூர் என்று ஓர் ஊர். அங்கே ஏறக்குறைய 3 மீட்டர் உயரக் கற்பலகையில் புத்தபிரான் வீற்றிருக்கிறார். பால மன்னர்கள் காலத்துச் சிற்பம். ஏறத்தாழ 1000 ஆண்டுப் பழமை உடையது. சிலை இருக்கும் மேட்டுக்கு ஊர்மக்கள் இட்ட பெயர் ருக்மிணிஸ்தான். எந்தப் பெயரால் அழைத்தாலும் கும்பிட்ட கை கும்பிட்டதுதானே!

பெருமானின் இடக்கை மடியில் இருக்கிறது. வலக்கை முழங்காலைத் தாண்டி இறங்கி நிலத்தை நோக்குகிறது. இதுதான் பூமிஸ்பரிச முத்திரை. போதி மரத்தடியில், தவத்தைக் கலைக்க மாரன் படையோடு வந்து மறித்தான். "இந்த ஆசனம் உனக்கு உரியதென்று சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். அவனுக்காகக் கத்த ஒரு படையே நிற்கிறது. இவருக்கோ ஒருவரும் இல்லை. பெருமான் வாதாடவில்லை, விரலால் மண்ணைத் தொட்டார். பூமிதேவி சாட்சி சொன்னாள். பிறவிதோறும் அவர் செய்த தானமும் காத்த பொறுமையும் அவள் மடியில் நடந்தவை அல்லவா? அவளைவிட அறிந்தவர் யார்? மாரன் படை ஆயுதங்களோடு சூழ்ந்திருக்க, நடுவே அந்தக் கை மட்டும் தளர்ந்து, அமைதியாய் இறங்குகிறது. வெற்றியை இதைவிட மென்மையாகக் கல்லில் சொன்னவர்கள் உண்டா என்று நான் வியந்துபோகிறேன்.

சுற்றிலும் ஏழு சிறு காட்சிகள்: லும்பினியில் பிறப்பு, சாரநாத்தில் முதல் உபதேசம், சிராவஸ்தியில் அற்புதம், சங்காசியத்தில் தேவலோகத்திலிருந்து இறங்குதல் என்று அவை விரிகின்றன. நடுவே உள்ள போதி மரத்தடியையும் சேர்த்து எட்டுத் தலங்களுக்கும் நடக்க இயலாதவர் இந்த ஒரு கல்லின் முன் நின்றால் போதும். உச்சியில் பரிநிர்வாணம். மரணத்தை நாம் பேசவே அஞ்சி மறைக்கிறோம். சிற்பி அதை மணிமுடியின் இடத்தில் வைத்தான்!

மற்றொரு காட்சியில், ராஜகிருகத்தில் மதம் பிடித்து ஓடிவந்த நாளகிரி யானை பெருமானின் காலடியில் சிறு கன்றுபோல் பணிகிறது. வைசாலியிலோ அவர் மடியில் பிச்சைப் பாத்திரம். ஒரு குரங்கு தேன் கொண்டுவந்து தந்தது, அவரும் ஏற்றார். மாரனை வென்றவர் ஒரு குரங்கின் முன் பாத்திரம் ஏந்துகிறார், பாருங்கள்! கொடுத்த ஆனந்தத்தில் அது துள்ளிக் குதித்து, தவறி விழுந்து இறந்து, தேவனாய்ப் பிறந்தது என்பார்கள். அதற்கு வேதம் தெரியாது, சீலம் தெரியாது, கொடுக்க மட்டுமே தெரிந்தது. பெருமானைப் பெற்ற மாயாதேவிக்கு இடம் தந்த அதே வரிசையில் சிற்பி அந்தக் குரங்குக்கும் இடம் தந்திருக்கிறான்.