கொடையும் தற்சார்பும்: கிராமிய அபிவிருத்தி பற்றிய ஓர் அறநோக்கு

கொடுத்தல் நல்லறம் என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஆயின், ஒருவன் தன் வாசலில் வந்து நிற்கும் பசித்தவனுக்குச் சோறிடுவதற்கும், கடல் கடந்த ஓர் அறநிறுவனம் ஒரு கிராமத்திற்குக் கிணறும் முன்பள்ளியும் அமைக்க நிதி ஒதுக்குவதற்கும் இடையே பெரும் வேறுபாடுண்டு. முன்னையதிற் கொடுப்பவனும் பெறுபவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். பசி தீர்ந்ததும் அச்செயல் முடிந்துவிடுகின்றது. பின்னையதில் விண்ணப்பம், செயற்றிட்டம், கால எல்லை, கணக்கறிக்கை என்பன இருவருக்குமிடையே நிற்கின்றன. ஆங்கே பணமானது ஒரு கிராமத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமாகவும் மாறுகின்றது. இவ்விரண்டையும் ‘கொடை’ என்னும் ஒரே சொல்லால் அழைத்து, முன்னையதற்குரிய புகழைப் பின்னையதற்கும் வழங்கிவிடுதல் பொருந்துமா? கிராமிய அபிவிருத்திக்கென வழங்கப்படும் நன்கொடை நிதி எப்போது அறமாகின்றது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

வள்ளுவர் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலையும், 23ஆம் அதிகாரமாக ஈகையையும் தனித்தனியே வைத்துள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது. ஈகை வறியவனுக்கு வழங்குவது. ஒப்புரவோ ஊரோடு ஒன்றி வாழ்பவனின் செல்வம் ஊருக்குப் பயன்படுவது. ஊரார் நீருண்ணும் குளத்தை அவர் உவமையாக்குவது ஒப்புரவுக்கேயாம். குளத்தில் நீர் முகப்பவன் எவருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. அது அவனது ஊர்க் குளம். மறுபுறம், 106ஆம் அதிகாரமாக இரவைக் கூறிய வள்ளுவர், அடுத்த அதிகாரத்தை இரவச்சம் என வகுத்து, இரந்துதான் உயிர் வாழ வேண்டுமெனில் உலகைப் படைத்தவனே கெட்டழியட்டும் எனச் சினக்கின்றார். கொடுப்பதைப் புகழ்ந்த அதே நூல், பெறவேண்டியிருக்கும் நிலையை இவ்வளவு வெறுப்பதேன்? பெறுபவன் இழப்பது ஒன்றுண்டு என்பதை அந்நூல் அறிந்திருந்தது என்பதே விடையாகும்.

அவ்விழப்பு யாது என்பதைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்ஸல் மோஸ் 1925இல் வெளியான தமது ஆய்விலே விளக்கினார். கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒரே உறவின் கடப்பாடுகள் என்பதும், திருப்பிக் கொடுக்க இயலாத கொடை பெற்றவனைத் தாழ்த்துகின்றது என்பதும் அவரது முடிபுகளாம். நமது கிராமங்களுக்கு இது புதிய செய்தியன்று. இன்று ஒருவர் வயலில் மற்றவர் கைகொடுப்பதும், நாளை அக்கைம்மாறு திரும்பி வருவதும் அங்கு வழக்கம். அங்கே எவரும் கொடையாளியுமல்லர், எவரும் இரவலருமல்லர்.

ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவல் கான்ற் வேறொரு கோணத்திலிருந்து இதே இடத்தை அடைகின்றார். 1797இல் வெளியான தமது ஒழுக்கவியல் நூலில் அவர் ஒரு கூரிய வினாவை எழுப்பினார். சிலர் கொடுக்கும் நிலையில் இருப்பதும் பலர் பெறவேண்டிய நிலையில் இருப்பதும் பெரும்பாலும் அரசின் அநீதியால் விளைந்த ஏற்றத்தாழ்வின் பயனேயாயின், செல்வர் செய்யும் உதவியைக் கொடையென்று கூறலாமா என்பதே அவ்வினா. ஒரு கிராமத்தின் வறுமை வானத்திலிருந்து வீழ்ந்ததன்று. காணி பங்கிடப்பட்ட முறை, நீர் திருப்பப்பட்ட திசை, வீதி சென்று நின்றுவிட்ட இடம் ஆகியவற்றால் அது ஆக்கப்பட்டது. அவ்வாறாயின், நிதி கொடுப்போர் ஈவதாகக் கருதுவது உண்மையில் பழைய கடனொன்றைத் தீர்ப்பதாகவும் இருக்கலாம்.

இக்கருத்துகளை நம் நாட்டு அனுபவமொன்றிற் பொருத்திப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவ என்னும் கிராமத்திற்குத் தம் மாணவரை அழைத்துச் சென்றார். அதிலிருந்து தோன்றியதே சர்வோதய சிரமதான இயக்கம். காந்தியடிகள் வழங்கிய ‘சர்வோதயம்’ என்ற சொல்லோடு உழைப்புக்கொடை எனப் பொருள்படும் ‘சிரமதானம்’ இணைந்தது. இதிலுள்ள அறநுட்பம் எளிதிற் புலப்படும். பணமில்லாதவனும் உழைப்பைக் கொடுக்க வல்லவன். எனவே வெறுமனே பெறுபவன் என்று ஒருவனும் எஞ்சுவதில்லை. மோஸ் கூறிய தாழ்வு அங்கே தடுக்கப்படுகின்றது.

இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியபோது வெளிநாட்டு நிதியும் பெருகியது. 1980களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தின் நோவிப் உள்ளிட்ட கொடை நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாக இணைந்து உதவலாயின. காலப்போக்கில் இலக்குகள், அளவீடுகள், கண்காணிப்பு என்பன பற்றி இருதரப்பாரிடையே முரண்பாடு முற்றி, 1990களில் உதவி பெரிதும் குறைந்தது. ஒரு தரப்பை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நமது நோக்கமன்று. பிறர் பணத்திற்குக் கணக்குக் கேட்பது கொடையாளியின் கடமை. மனமாற்றத்தை எண்களால் அளக்க இயலாது என்பதும் உண்மை. ஆனால் கணக்கு மேல்நோக்கியே செல்லத் தொடங்கும்போது, கிராமம் அக்கணக்கிற் பதியப்படும் பொருளாகின்றது. கணக்குக் கேட்கும் உரிமை அதற்கு இல்லாமற் போகின்றது. இதனையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அவ்வாறாயின் வெளிநிதியை முற்றாக மறுத்துத் தற்சார்பே போதுமெனலாமா? இவ்வாதம் கவர்ச்சியானது, ஆயினும் நேர்மையற்றது. நகரத்தவர் தமது குடிநீர்க் குழாயைத் தாமே புதைப்பதில்லை. வீதியைத் தாமே செப்பனிடுவதில்லை. பொதுப்பணம் அவற்றைச் செய்கின்றது. அவர்களுக்குத் தற்சார்பு பற்றி எவரும் உபதேசிப்பதில்லை. பல்கலைக்கழக மாணவராகிய நாமும் 1945 முதல் இந்நாட்டில் நிலவும் இலவசக் கல்வியின் பயனையே நுகர்கின்றோம். கமக்காரனும் தோட்டத் தொழிலாளியும் செலுத்தும் வரியும் அதில் அடங்கும். அதற்காக நாம் நாணுவதில்லை. ஏனெனில் அதனை உரிமையென அறிவோம். நாம் உரிமையெனப் பெறுவதை ஒரு கிராமத்தவர் மட்டும் பிச்சையெனப் பெறவேண்டும் என்பதும், அதையும் பெறாதிருப்பதே அவருக்குப் பெருமை என்பதும் எவ்வகை நீதி? கிழக்கு வங்காள அகதிகளின் துயரை முன்வைத்து 1972இல் கட்டுரை வரைந்த பீற்றர் சிங்கர், தூரம் நமது கடமையைக் குறைப்பதில்லை என வாதிட்டமையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

கொடைக்குப் பதிலாகக் கடன் வழங்கினால் தன்மானம் காக்கப்படும் என்பாருமுளர். கூட்டுறவுச் சங்கங்களின் வரலாறு இதற்கு ஓரளவு சான்று பகரும். ஆனால் நுண்கடன் என்ற பெயரில் உயர்வட்டி நுழைந்தபோது நேர்ந்ததை நாம் மறத்தலாகாது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. கொடை தலையைக் குனியவைக்கலாம். கடன் கழுத்தை நெரிக்கவும் கூடும்.

ஆகவே கொடையின் அறத்தை அதன் அளவிலோ, கொடுப்போரின் நல்லெண்ணத்திலோ மட்டும் தேடுதல் போதாது. தேவையை உரைத்தவர் யார், கணக்கு யாருக்குக் காட்டப்படுகின்றது, நிதி நின்றபின் ஊரார் கையில் எஞ்சுவது யாது என்பனவே கேட்கப்படவேண்டிய வினாக்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபின் வந்த உதவி அளப்பரியது. எனினும் சில இடங்களில் தேவைக்கு மிஞ்சிய சிறு படகுகள் குவிந்தன. படகு தெரிந்தோர் கேட்கப்பட்டிருப்பின் அது நேர்ந்திராது. மாறாக, யாழ்ப்பாணத்து மூளாயில் 1930களில் ஊரவரின் கூட்டுறவாக எழுந்த வைத்தியசாலையில், வெளியிலிருந்து வந்த பொருளும் ஊரின் நிர்வாகத்துள் அடங்கி ஊரின் உடைமையாகும். கொடை ஊருணி நீராவது இவ்வாறே.

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை இவ்வினாவின் ஆழத்தைத் தொடுகின்றது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியால் பசித்தோரை ஊட்டிவந்த அவன்மீது சினந்த இந்திரன், அவனைத் தண்டிக்க ஒரு வழி கண்டான். மழை பொழியச் செய்து நாட்டை வளமாக்கினான். உண்பாரின்றிப் பாத்திரம் வறிதாயிற்று. இரப்போரைத் தேடி ஊரூராய் அலைந்த ஆபுத்திரன், ஈற்றில் ஆளில்லா மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். நாடு செழித்தமை ஒரு கொடையாளிக்குத் தண்டனையாயிற்று என்பது நம்மைத் திடுக்கிடச் செய்யவேண்டும். பிறர் வறுமையே தன் இருப்புக்கு ஆதாரமாகக் கொண்ட எந்நிறுவனமும் இவ்வபாயத்திற்கு உட்பட்டதே. ஆயினும் ஆபுத்திரன் அப்பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் காத்துக்கொள்ள விரும்பவில்லை. அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். உண்பார் இல்லாதவிடத்துப் பாத்திரத்தைக் கைவிடத் தெரிந்தமையே அவன் கொடையை அறமாக்கிற்று. கிராமங்களுக்கு நிதி வழங்குவோரும், நாளை பட்டம் பெற்று அந்நிதியைக் கையாளப்போகும் நம்மவரும், பாத்திரத்தை ஏந்தும் நாளிலேயே அதனைக் கீழே வைக்கும் நாளையும் எண்ணிக்கொள்ளல் வேண்டும்.