விழித்ததும் ஒரு நன்றி

நாளைக் காலை கண் விழித்ததும் உங்கள் கை முதலில் எதைத் தேடும்? தலைமாட்டில் கிடக்கும் செல்போனைத்தானே? வேண்டாம். அந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உயிரோடு கண் விழித்தது நாம் சம்பாதித்ததில்லை, நமக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவனுக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல் எழுந்து போவது நன்றி கொன்ற செயல்.

விடியல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இதைத் திண்டிவனம் ஓர் இளம்பெண்ணுக்கு மறக்க முடியாதபடி கற்றுக்கொடுத்தது.

1890களின் தொடக்கம். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு வந்திருந்தார். தந்தை மிஷன் மருத்துவர். மகளுக்கோ இங்கே தங்கும் எண்ணமே இல்லை. ஓர் இரவு ஒரு பிராமணர் வந்து நின்றார். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்ப்பது எங்கள் வழக்கமில்லை என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே இரவில் இன்னும் இருவர் வந்தார்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர் முதலியார். அதே வேண்டுகோள், அதே பதில்.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்தக் காலையில் ஐடா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தார். வெளியே வந்ததும் பெற்றோரிடம், மருத்துவம் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன் என்றார். 1899இல் நியூயார்க்கில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் சிறிய அளவில் வைத்தியம் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. அவற்றிலிருந்து வளர்ந்ததுதான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே இன்று குணமாகி வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் திண்டிவனத்தின் அந்த ஒரு காலைப் பிரார்த்தனையில் பங்கு உண்டு.

காலைப் பிரார்த்தனை மகிழ்ச்சியும் தரும். ஐடாவுடையது துக்கத்தில் பிறந்த பிரார்த்தனைதானே, அதில் மகிழ்ச்சி எங்கே என்று கேட்பீர்கள். எப்போது கப்பல் ஏறலாம் என்றிருந்த அந்தப் பெண், 1960இல் கொடைக்கானலில் கண்மூடும்வரை இந்த மண்ணைக் கைவிடவில்லை. வேண்டாவெறுப்பாக ஒருவர் இத்தனை ஆண்டுகள் உழைக்க முடியுமா? எனக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு, எனக்குக் கிடைத்ததை யாருக்குக் கொடுப்பேன் என்று மாறும் இடத்தில்தான் மகிழ்ச்சி ஊறத் தொடங்குகிறது. காலைப் பிரார்த்தனை நம்மை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

மார்கழி முப்பது நாளும் நாம் விடியுமுன் எழுகிறோம். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். திருப்பாவையும் திருவெம்பாவையும் தெருவெல்லாம் கேட்கின்றன. தை பிறந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். மற்றப் பதினோரு மாதமும் நமக்குக் காற்றும் நீரும் சோறும் கிடைக்கவில்லையா? நன்றிக்கு மட்டும் ஏன் ஒரு மாதம்?

நேரமில்லை என்று சொல்லாதீர்கள். விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு ஓடுகிறவருக்கும் ஐந்து நிமிடம் உண்டு. திண்டிவனம் திந்திரிணீஸ்வரர் சன்னிதியை நினைத்துக் கைகூப்புங்கள். பஜ்ர் தொழுங்கள். முழங்காலிட்டு ஜெபியுங்கள். எந்த வழியானாலும் வரத்தைப் பிறகு கேட்கலாம், முதலில் நன்றி சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் மனம் நழுவிவிடும், பெயர் சொல்லியே சொல்லுங்கள். நேற்று ராத்திரி சோறு போட்ட கைக்கு. நீங்கள் எழுவதற்குள் தெருவைப் பெருக்கிவிட்டுப் போன பெண்ணுக்கு. வலியில்லாமல் நடக்கிற காலுக்கு. மனசு சரியில்லாத நாளில் ஒன்றே ஒன்றுக்காவது சொல்லுங்கள். அந்த ஒன்று அன்று முழுக்க உங்களைத் தாங்கும்.

பிரார்த்தனை பலித்ததா என்பதைப் பூஜை அறையில் தேடாதீர்கள். அன்றைக்கு யாராவது உங்கள் கதவைத் தட்டும்போது தெரியும். கடன் கேட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரர், பேச்சுத்துணை தேடும் வயதான அம்மா, பாடம் புரியாமல் நிற்கும் பிள்ளை. காலையில் நன்றி சொன்ன வாய், மாலையில் அவர்களை விரட்டலாமா? உங்களால் ஆனதைச் செய்யுங்கள். ஆகாததை, ஐடாவைப் போல, கற்றுக்கொண்டாவது செய்யுங்கள்.

நல்ல நாள் பார்க்க வேண்டாம். இன்றிரவே செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் கை வெறுமையாக இருக்கட்டும். கும்பிடுவதற்கு அதுதான் வசதி.