கடவுளை ஏசும் உரிமை

கடவுளை ஏசிப் பாடுவது பக்தியாகுமா, அல்லது பக்தியின் பெயரால் பொறுத்துக்கொள்ளப்படும் வாய்த்துடுக்கு மட்டும்தானா என்ற கேள்வி தமிழ்ச் சமய வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவரங்கத் தீவில் அதற்கான விடை சாத்திர நூலின் வடிவில் இல்லாமல், ஆண்டுதோறும் நடக்கும் ஒரு திருவிழாவிலும் ஒரு புலவரைப் பற்றிய கதையிலும் பொதிந்திருக்கிறது. திருவிழா தீவின் மேற்கே அரங்கநாதர் கோயிலுக்கு உரியது. கதை, அங்கிருந்து கூப்பிடு தொலைவில், கிழக்கே இருக்கும் திருவானைக்கா ஜம்புகேசுவரர் கோயிலுக்கு உரியது. அந்தப் புலவர், 15ஆம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் காளமேகம்.

தமிழ் மரபு கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காக வகுக்கும். பிறர் கொடுத்த பொருளையோ ஈற்றடியையோ வைத்துக்கொண்டு, யோசிக்க அவகாசம் கேளாமல், நின்ற நிலையில் பாடி முடிப்பவர் ஆசுகவி. இன்றைய ராப் கலைஞர்கள் மேடையில் ஃப்ரீஸ்டைல் என்று செய்வதும், இருவர் எதிரெதிர் நின்று ஒருவரை ஒருவர் பாட்டால் மட்டம் தட்டுவதும் இந்தக் கலையின் தூரத்து உறவு என்று சொல்வதில் மிகையில்லை. திருவானைக்கா உலா முதலிய சிலவற்றை நீக்கிவிட்டால் காளமேகத்தின் பெயரில் நிற்பவை பெரும்பாலும் தனிப்பாடல்கள், அதாவது எந்த நூலுக்கும் உறுப்பாகாமல், ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் பிறந்து, அந்தச் சந்தர்ப்பக் கதையோடு சேர்ந்தே வாய்மொழியாக வழங்கி, பிற்காலத்தில் தனிப்பாடல் திரட்டு என்ற தொகுப்பில் இடம்பெற்ற ஒற்றைச் செய்யுள்கள். அவை எல்லாவற்றையும் ஒருவரே பாடினார் என்று சாதிப்பதற்கில்லை. துடுக்கான பாட்டு எதுவாயினும் காளமேகத்தின் கணக்கில் ஏற்றிவிடும் வழக்கம் புலவர்களிடையே நெடுங்காலம் இருந்தது. ஆயினும், அடுத்து என்ன சொல்லும் என்று யாராலும் ஊகிக்க முடியாத ஒரு வாயைத் தமிழர் இத்தனை தலைமுறையாகப் பேணிவந்தது ஏன் என்பதே இங்கே ஆராயத்தக்கது. அதற்கு ஆசிரியர் ஒருவரா பலரா என்பது தடையாகாது.

கதையின்படி அவரது இயற்பெயர் வரதன். அரங்கநாதர் கோயில் மடைப்பள்ளியில், அதாவது இறைவனுக்குரிய உணவு சமைக்கப்படும் கூடத்தில், அவர் பரிசாரகராக இருந்தார். திருவானைக்காக் கோயிலில் ஆடற்பணி செய்த மோகனாங்கி என்ற பெண்ணிடம் அவர் அன்பு கொண்டிருந்தார். மார்கழி நாளில் அவள் திருவெம்பாவை பாடும்போது, சிவனடியாரையே கணவராக அடைவோம் என்னும் கருத்துடைய இடத்தில் குரல் தயங்க, வைணவனோடு வாழ்பவள் அதை எப்படிப் பாடுவாள் என்று உடன் பாடிய பெண்கள் நகைத்தார்கள், அன்று அவள் கதவடைத்தாள், வரதன் சைவரானார். பின்னொரு நாள் இரவு அவளுக்காகக் காத்திருந்து கோயில் மண்டபத்திலேயே அவர் உறங்கிவிட, அதே இடத்தில் வாக்கு வன்மை வேண்டித் தவம் கிடந்த வேறொருவர் முன் அகிலாண்டேசுவரி பெண்ணுருவில் வந்து, தன் வாயில் மென்ற தாம்பூலத்தை ஏற்கச் சொன்னாள். தவசி எச்சில் என்று அருவருத்து மறுத்தார். அரைத் தூக்கத்தில் இருந்த வரதன் வாய் திறந்து ஏற்றுக்கொண்டார். மழைமேகம்போலப் பொழியும் கவியாக எழுந்தார்.

இதில் மறுத்தவரைவிட ஏற்றவரின் தொழிலே கூர்ந்து நோக்கத்தக்கது. தளிகை என்று வைணவர் வழங்கும் திருவமுதைச் சமைப்பவர் அதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது; அதன் மணத்தைக்கூட விரும்பி முகரக் கூடாது; இறைவன் அமுது செய்வதற்கு முன் மனித வாயின் தொடர்பு அதற்கு நேர்ந்துவிடலாகாது. ஆக, வாயைத் தள்ளி வைப்பதையே அன்றாடக் கடமையாகக் கொண்ட ஒருவருக்கு, வாயிலிருந்து வாய்க்கு வந்த எச்சிலாகவே அருள் கிடைக்கிறது. தூய்மை குறித்த அச்சமே தவசியின் தவத்தைப் பயனற்றதாக்கிற்று என்று கதை சொல்லாமல் சொல்கிறது. இது சைவம் மட்டும் தனித்துச் சொன்ன கருத்தும் அன்று. தான் சூடிய மாலையை இறைவனுக்குக் கொடுத்த ஆண்டாள் கலந்தது அரங்கனோடுதான். அடியார் உண்டு மிகுந்த சேடமே புனிதமானது என்று திருமாலையில் பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் வாழ்ந்து நந்தவனம் வளர்த்ததும் இதே திருவரங்கத்தில்தான். தூய்மை விதிகள் மிகக் கடுமையாக இருந்த ஊரிலேயே அவ்விதிகளைக் கடந்த அன்பின் கதைகளும் மிகுதியாக வழங்கின என்பது தற்செயலாகாது.

இனி அந்த வாய் என்ன பேசிற்று என்று பார்க்கவேண்டும். முருகனைப் பற்றிய ஒரு செய்யுளில், தகப்பன் பிச்சை எடுத்து உண்பவன், தாய் மலைக்காரி, மாமன் உறியில் வெண்ணெய் திருடியவன், அண்ணன் பெருவயிறன் என்று குடும்பம் முழுவதும் இழுக்கப்பட்டு, இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு என்ன பெருமை என்று கேட்கப்படுகிறது. காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாள் கருடன்மேல் எழுந்தருளியபோது, வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் வெளியே வந்தவரைப் பருந்து தூக்கிக்கொண்டு போவதைப் பாருங்கள் என்று பாடியதாகச் சொல்வர். இத்தகைய பாட்டை நிந்தாஸ்துதி என்பர். நிந்தை ஏச்சு, ஸ்துதி புகழ்ச்சி. பழிப்பதுபோலப் புகழ்வதைத் தண்டியலங்காரம் இலேசம் என்னும் அணியில் அடக்கும். பள்ளிப் பாடம் அதை வஞ்சப்புகழ்ச்சி என்று கற்பிக்கும்.

அணியிலக்கணத்தின் இந்த விளக்கம் பிழையில்லை, ஆனால் போதாது. பிச்சை எடுப்பவன் என்றால் பிட்சாடனர், திருடன் என்றால் கண்ணன், பெருவயிறன் என்றால் பிள்ளையார் என்று உரையாசிரியர் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டியவுடன், ஏச்சு வெறும் உறையாகவும் புகழ்ச்சி உள்ளிருக்கும் பண்டமாகவும் ஆகிவிடுகின்றன. அப்படியானால் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே புகழ்ந்துவிடலாமே என்ற வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. இந்த அவிழ்ப்பு எதற்குப் பயன்படும் என்பதைக் காத்தான் சத்திரத்துக் கதை காட்டுகிறது. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் பசியோடு காத்திருந்த காளமேகம், இங்கே பொழுது சாயும்போதுதான் அரிசி வந்து சேரும், அதைக் குத்தி முடிப்பதற்குள் ஊர் அடங்கும், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழும் என்று ஏசிப் பாடினார். சத்திரக்காரர் மனம் வருந்தவே, நாட்டில் பஞ்சம் வந்தாலும் இங்கே மூட்டை மூட்டையாக அரிசி வரும், குத்திய அரிசியில் ஊரே உண்டு பசியடங்கும், ஓர் அகப்பைச் சோற்றின் வெண்மைக்கு வெள்ளி நாணும் என்று அதே சொற்களுக்கு வேறு பொருள் சொல்லிச் சமாதானப்படுத்தினார். மனிதரிடம் இரண்டாம் பொருள் தேவைப்பட்டது, அவர் புண்பட்டுவிட்டார் என்பதால். கடவுளிடம் காளமேகம் அப்படி ஒரு சமாதானம் சொன்னதாகக் கதை இல்லை. அவர் சார்பில் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உரைகாரர்களே.

பகையும் ஒரு வழி என்று கூறும் கொள்கை ஒன்று உண்டு. கண்ணனை ஓயாமல் ஏசிய சிசுபாலன், ஏசுவதற்காகவாவது அவனையே நினைத்துக்கொண்டிருந்ததால் இறுதியில் அவனோடு கலந்தான் என்று பாகவத புராணம் கூறுகிறது. நினைவின் தீவிரமே முக்கியம், அதன் நிறம் முக்கியமில்லை என்பது இதன் கருத்து. அது காளமேகத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் அவர் பாட்டில் பகையே இல்லை.

அவர் பாட்டில் இருப்பது என்ன என்பதைத் திருக்கண்ணபுரத்துச் செய்யுள் எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டுகிறது. மழைக்கு ஒதுங்க வந்தவரைச் சமயம் மாறியவர் என்று சொல்லி வைணவர்கள் கோயில் கதவைச் சாத்திவிட, வெளியில் நின்றபடி அவர் பெருமாளை நோக்கிப் பாடத் தொடங்குகிறார். சிவனைவிட நீ உயர்ந்தவன் என்பது முதல் கூற்று. உள்ளே இருப்பவர்கள் கேட்க விரும்பியது அதுதான். உன்னைவிட நான் உயர்ந்தவன் என்பது அடுத்தது. இது எந்தச் சமயத்தவரும் காதைப் பொத்திக்கொள்ளவேண்டிய பேச்சு. காரணம் மூன்றாவதாக வருகிறது: சிவனுக்குப் பிறப்பு ஒன்றும் இல்லை, உனக்கோ பத்து, எனக்கோ எண்ணித் தொலையாது. மேடையேறும் ராப் பாடகர் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று மார் தட்டுவதைப்போலத் தொடங்கிய பாட்டு, எண்ணிக்கை முடிந்த இடத்தில், கணக்கற்ற பிறவிகளில் சிக்கிக் கிடக்கும் ஓர் உயிரின் ஒப்புதலாக மாறிவிடுகிறது. ஆனால் தற்பெருமை நீங்கித் தாழ்மை வந்துவிட்டது என்று சொன்னால் பாதிதான் சரி. பிறவியில் உழலும் உயிர், பிறவியை விளையாட்டாக எடுத்துக்கொள்பவனிடம், நீ பத்து முறை வந்து போனதை அவதாரம் என்று கொண்டாடுகிறார்கள், நான் முடிவில்லாமல் வந்து கொண்டிருக்கிறேனே என்று முறையிடும் குரலும் அதில் இருக்கிறது. தாழ்மையும் முறையீடும் அந்த ஒரே வாக்கியத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதால்தான் இதை வஞ்சப்புகழ்ச்சி என்ற பெட்டிக்குள் அடைக்க முடிவதில்லை. கதவு திறந்தது என்று கதை முடிகிறது.

அடைத்த கதவின்முன் நின்று ஏசுவது காளமேகம் தொடங்கிவைத்ததன்று. கண்ணிழந்த நிலையில் திருவாரூர் இறைவனை நோக்கி, நீரே இருந்து வாழ்ந்துகொள்ளும் என்ற கசப்போடு பாடிய சுந்தரருக்குச் சைவம் வன்றொண்டர் என்றும் தம்பிரான் தோழர் என்றும் பெயர் சூட்டியது. திருவிந்தளூரில் வழிபட வந்தும் காட்சி கிடைக்காமல் போன திருமங்கையாழ்வார் ஏறத்தாழ அதே கசப்போடு பாடினார். வழிப்பறிக்காரராக இருந்தவர் என்று குருபரம்பரை கூறும் அந்த ஆழ்வாரின் பெயரால் திருவரங்கத்தில் ஆலிநாடன் திருச்சுற்று இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி விழாவின் பத்து இரவுகளான இராப்பத்தில் எட்டாம் நாள், அவர் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையிட்டது வேடுபரி என்ற பெயரில் மணல்வெளியில் நடித்துக் காட்டப்படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பங்குனி உத்திரத்தன்று தாயார் சந்நிதி வாயிலில் நடக்கும் பிரணயகலகம் நிற்கிறது; பிரணயகலகம் என்பது காதலர் ஊடல், ஊரார் வழக்கில் மட்டையடி. அரங்கநாதரின் உலாத் திருமேனியான நம்பெருமாள் உறையூர் சென்று, அங்கிருக்கும் தேவி கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறார். அரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளிருந்து பூவும் பழமும் வெண்ணெயும் பெருமாளின் பல்லக்கின்மேல் வந்து விழுகின்றன. எங்கே போயிருந்தீர், கையில் இருந்த மோதிரம் என்னவாயிற்று என்று தாயார் தரப்புக் கேள்விகளும், பெருமாள் தரப்புச் சமாளிப்புகளும் கூடியிருப்போர் கேட்க வாசிக்கப்படுகின்றன. நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். பின் இருவரும் ஓரிடத்தில் அமரும் சேர்த்தி. இராமாநுசர் தம் சரணாகதி கத்யத்தை, அதாவது முழுமையாக அடைக்கலம் புகும் உரைநடைத் துதியை, விண்ணப்பித்தது இதே பங்குனி உத்திரச் சேர்த்தியின்போது என்பது வைணவ மரபு. உலகத்தைக் காப்பவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு வாயிலில் நிற்பதும், அவனைத் தவிர வேறு கதியில்லை என்று ஆசாரியர் அவன் காலில் விழுவதும் ஒரே நாளின் நிகழ்வுகள். ஏச்சும் சரணாகதியும் எதிரெதிரானவை என்று கொள்பவருக்கு இந்த விழா புரியாது. உறவு என்று ஒன்று இருந்தால் இரண்டும் அதற்குள் அடங்கும். முகம் பாராமல் நடக்கும் வணக்கத்தைவிட முகத்துக்கு நேரே விழும் ஏச்சு, எதிரே ஒருவர் இருக்கிறார் என்பதை உறுதியாக நம்புகிறது. கேட்பவன் இல்லாத இடத்தில் யாரும் முறையிடுவதில்லை. நிந்தாஸ்துதியின் சமய மதிப்பு, ஏச்சுக்கு அடியில் புகழ்ச்சி ஒளிந்திருக்கிறது என்பதில் இல்லை. ஏசும் உரிமை கேட்கப்படுகிறது, கொடுக்கவும்படுகிறது என்பதில் இருக்கிறது.

இந்த உரிமை எல்லாத் துடுக்கு வாய்க்கும் பொதுவானதன்று. 1995இல் அமெரிக்க ராப் பாடகர் ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான ‘ரிட்டர்ன் டு த 36 சேம்பர்ஸ்: த டர்ட்டி வெர்ஷன்’ அடக்கமற்ற வாய்க்கு நவீன உலகம் தந்த பெரிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று: பாட்டா, பேச்சா, குளறலா என்று தெரியாமல் தாவும் குரல், ஆபாசம், அரசு உதவித்தொகை அட்டையின் வடிவில் தன் முகத்தையே அச்சிட்ட அட்டைப்படம். வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த அவரது சூழலில், 1964இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தோன்றிய ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்ற இயக்கத்தின் போதனை பரவியிருந்தது. கறுப்பின ஆண் தானே கடவுள் என்பது அதன் அடிப்படை. இழிவுபடுத்தப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்துக்கு அந்தப் போதனை முதுகெலும்பைக் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பாடுபவனே கடவுளாகிவிட்டால், உன்னைவிட நான் உயர்ந்தவன் என்ற பேச்சுக்கு எதிரே ‘நீ’ என்று ஒருவர் எஞ்சுவதில்லை. காளமேகத்தின் தற்பெருமை பெருமாளிடம் சென்று முட்டியதால்தான் பிறவிக் கணக்காக உடைந்தது; அந்த ஆல்பத்தின் தற்பெருமை, எத்தனை வீரியம் உடையதாயினும், முட்டிக்கொள்ள ஓரிடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.

காளமேகத்தின் வாயும் எங்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. திருமலைராயன் அவையில் அதிமதுரகவியும் பல்லக்கேறும் புலவர் கூட்டமும் அவரை இகழ்ந்து இருக்கை தர மறுத்ததும், கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே தொங்கியபடி கேட்ட பொருளில் எல்லாம் பாடும் எமகண்டம் என்ற சோதனையில் அவர் வென்றதும் பெருமிதத்தோடு சொல்லப்படும் கதைகள். பின்னும் மதிக்கப்படாததால் அவர் அறம் பாடினார், அதாவது அழிவு வரும்படி சபித்துப் பாடினார், ஊரில் மண்மாரி பெய்தது என்று அக்கதை முடிகிறது. இன்று காரைக்கால் மாவட்டத்தில் இருக்கும் திருமலைராயன்பட்டினத்தில் அன்று வாழ்ந்த நெசவாளரும் மீனவரும் அரசவையில் ஒரு புலவருக்கு நாற்காலி மறுக்கப்பட்டதற்கு எந்த வகையில் பொறுப்பாவார்கள் என்று கதையைச் சொல்பவர் யாரும் கேட்பதில்லை. கடவுளை ஏசியபோது காளமேகம் மழையில் நனைந்தபடி மூடிய கதவுக்கு வெளியே, தோற்பதற்கு இடமுள்ள நிலையில் நின்றார். ஊரைச் சபித்தபோது அவர் கையில் மண்மாரி இருந்தது, எதிரே இருந்தவர்களிடம் ஒன்றும் இல்லை.