உற்றவர் சொல்

மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர், நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மருத்துவனும் மருந்தும் பின்னரே வந்தனர். மனநோய் ஆராய்ச்சியிலோ, உற்றவர் நெடுங்காலம் ஆராயப்படும் பொருளாகவே இருந்தார். "மனம் கலங்கியவர் சொல் சான்றாகுமோ?" என்பதே தடை.

நெதர்லாந்தின் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், தம்மிடம் வந்த பெண்மணி ஒருவர் தமக்குக் கேட்ட குரல்களைப் பொருட்படுத்துமாறு வற்புறுத்தவே, 1987இல் அவருடன் தொலைக்காட்சியில் தோன்றினார். நிகழ்ச்சியைக் கண்டு, தமக்கும் குரல்கள் கேட்பதாக 450 பேர் அறிவித்தனர். அவருள் 150 பேர் அக்குரல்களோடு அமைந்து வாழ வழி கண்டிருந்தனர்! மருத்துவமனைக்குள் மட்டுமே தேடும் ஆய்வு இத்தகையோரை எங்ஙனம் காணும்?

துன்புற்றமை மட்டுமே ஒருவரை அறிஞராக்கிவிடாது. ஒருவர் பட்டறிவு அனைவர்க்கும் அளவுகோலாகாது. உண்மையே. ஆயினும் எதனை ஆராய்வது, எதனை நலம் என்பது என்னும் வினாக்கள் உற்றவரின்றி முடிவாகா. குரல்கள் ஓய்ந்தன என்று மருந்தின் வெற்றியைக் குறிப்பவர் ஒருவர். பகலெல்லாம் மந்தமாய்க் கழிந்த வாழ்வின் இழப்பை அறிந்தவர் மற்றொருவர். இருவர் கணக்கும் சேர்ந்தாலன்றோ உண்மை நிறைவுறும்?

2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், மத்திய மனநல ஆணையத்தில் மனநோய் உற்றோர் சார்பில் இருவருக்கு இடம் வகுத்துள்ளது. ஆய்வு மேசையிலும் அவ்விடம் வேண்டும்.

பிறமொழியார் நடுவே வாழும் நாம், நம்மைக் கேளாது நம் வாழ்வைப் பற்றிப் பிறர் எழுதினால் பொறுப்போமா? ஊரார் பேச்சுக்கு அஞ்சி நம் உள்ளறையில் நாம் இருத்தி வைத்திருப்பவரும் இதே வினாவை நம்மிடம் கேட்கலாம்.