அந்தக் காசு யாருடையது?

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு சுட்டிப் பெண். வயசு பதினொன்று. கலர் பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி அவள் செய்கிற கம்மல்களைப் பார்த்தால் நீங்களே விலை கேட்பீர்கள். அப்பாவுக்கும் அதே யோசனை.

"சார், இதை நெட்டுல விக்கலாம்னு இருக்கோம். சேஃபா இருக்குமா?"

நானும் பெரிய மனுஷ தோரணையில் சொன்னேன். குழந்தை முகம், யூனிஃபார்ம், வீட்டு விலாசம் எதுவும் படத்தில் வரக்கூடாது. ஆர்டர் எடுப்பது, பேசுவது எல்லாம் நீங்கதான். 'முதலில் ஐந்நூறு ரூபாய் கட்டுங்க, பாப்பாவுக்கு வேலை தர்றோம்' என்று எவனாவது வந்தால், சந்தேகமே வேண்டாம், ஃபிராடு.

பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்: "அங்கிள், காசு எனக்கு வருமா, அப்பாவுக்கு வருமா?"

"பாருங்க சார், இப்பவே கணக்கு!" என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் கேள்வி சரியான கேள்விதானே?

சாப்ளினின் 'தி கிட்' (1921) படத்தில் வருகிற பொடியன் ஜாக்கி கூகனை ஞாபகம் இருக்கிறதா? லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்த குழந்தை. வளர்ந்து பெரியவனாகிக் கேட்டபோது பணம் பெரும்பாலும் காலி. செலவழித்தது வழிப்போக்கன் இல்லை. அம்மாவும் மாற்றாந்தந்தையும்! 1938-ல் பெற்ற தாய்மீதே கேஸ் போட்டான். அதன் பிறகுதான் 1939-ல் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் பணத்தைக் காக்கச் சட்டம் வந்தது.

நம் ஊரிலும் 2017 விதிகளின்படி சினிமா, டி.வி-யில் நடிக்கும் குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதத்தை அதன் பெயரில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அங்கே தயாரிப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், பிடித்துக் கேட்கலாம். வீட்டு ஹாலில் அப்பாவே முதலாளி. யார் கேட்பது?

'பெத்து வளர்க்கிறது யாரு, ஃபீஸ் கட்டுறது யாரு?' என்பீர்கள். நியாயம்தான். நெசவுக்காரர் வீட்டில் பிள்ளைகள் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்ததும் வீட்டு உலைக்குத்தான் போனது. ஆனால் கஷ்ட ஜீவனத்தில் அந்தப் பிள்ளைக்கு உலை கொதிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே பணம் அப்பாவின் செல்போனுக்குள் 'டிங்' என்று விழுந்து கார் இ.எம்.ஐ-யில் கரைந்தால் அவளுக்கு என்ன தெரியும்? பத்து வயசானால் குழந்தையே தன் பெயரில் சேமிப்புக் கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஒரு பாஸ்புக் வாங்கிக் கொடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். வாங்கிக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன்.

போன வாரம் மறுபடி வந்தார். "பதினாறு ஆர்டர் நிக்குது சார். இவ மூடு இல்லைங்கறா. நீங்க சொன்னா கேப்பா."

போனேன். தரையில் உட்கார்ந்து, தன் பொம்மைக்கு ஒரே ஒரு குட்டிக் கம்மல் செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அப்பாவுக்கு என்மீது வருத்தம்.