வெப்பம் தாங்குவது யாருடைய குணம்?

ஒரு பொருளின் இயல்பு அதற்குள்ளேயே இருக்கிறதா, சார்புகளால் வந்து சேர்கிறதா என்பது நம் தத்துவ மரபில் பழைய வழக்கு. தன்னிலேயே நிற்கும் சுபாவம் எந்தப் பொருளுக்கும் இல்லை என்று நாகார்ஜுனர் வாதிட்டார். மணிமேகலையின் கடைசிக் காதை பன்னிரு சார்புகளை விரித்துச் சொல்வதும் இந்தப் பௌத்தச் சிந்தனையின் வழியில்தான். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு நான் காட்டும் சாட்சி, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் என்ற பாலியஸ்டர்.

கொதிக்கும் நீரை ஊற்றினால் அந்த பாட்டில் சுருங்கிக் கோணிப்போகும். அதே பெட்டைப் படிகமாக இறுக விட்டு வார்த்த தட்டோ உணவோடு அடுப்புக்குள் போய் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாங்கி வெளியே வருகிறது. இரண்டிலும் அடிப்படை மூலக்கூறு ஒன்றே. இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். சில மில்லிகிராம் பெட்டைச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் மூடி, பக்கத்தில் ஒரு வெற்றுக் கிண்ணத்தையும் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றுகிறார்கள். இரண்டும் ஏற்கும் வெப்பத்தின் வித்தியாசத்தைக் கருவி கோடாக வரைகிறது. உருகிய நிலையிலிருந்து சட்டென்று குளிர்விக்கப்பட்ட மாதிரி என்றால், 75 டிகிரியை ஒட்டி அது இளகுவதைக் கோட்டில் ஒரு சிறு படி காட்டும். 130 டிகிரி வாக்கில் அது வெப்பத்தை வெளிவிட்டுப் படிகமாகும். 250 டிகிரி வாக்கில் உருகும். மெதுவாகக் குளிர்ந்த மாதிரியில் நடுவிலுள்ள அந்தப் படிகமாகும் முகடு அநேகமாகத் தென்படாது. முந்தைய வெப்ப வரலாற்றை அழித்துவிட்டு 'உண்மையான' இயல்பைப் பார்க்கவே முதல் சூடேற்றத்தைத் தள்ளி இரண்டாவதைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே எந்த வேகத்தில் குளிர்வித்தோமோ அதுவே புது வரலாறாகிவிடுகிறது. வரலாறே இல்லாத பெட் என்று ஒன்றை எந்தக் கருவியாலும் காட்ட முடியாது.

மூலக்கூறின் அமைப்பு மாறாததுதானே, அதைச் சுபாவம் என்றால் என்ன என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். வேதியியலாளர் கரோதர்ஸின் குழுவினர் முதலில் செய்த பாலியஸ்டர்கள் குறைந்த சூட்டிலேயே உருகின. 1941இல் வேதியியலாளர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் டெரெஃப்தாலிக் அமிலத்தின் விறைப்பான வளையத்தைச் சங்கிலிக்குள் கொண்டுவந்த பிறகே நிலைமை மாறியது. இரட்டை வளையம் கொண்ட பென் என்ற பாலியஸ்டர் 120 டிகிரி வரை இளகாது. ஆகவே அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது என்னென்ன ஆகலாம் என்ற எல்லையைத்தான் வகுக்கிறது. இந்தத் துண்டு இப்போது எதைத் தாங்கும் என்பதைக் குளிர்ந்த வேகம், மேலே ஏற்றிய பளு, கலந்த கண்ணாடி இழை ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த வளையமும் பிணைப்புகளால் ஆனதே. அதுவும் சார்பில் தோன்றியதுதான்.

எல்லாம் சார்பு என்றால் அளவீடுகளுக்கு மதிப்பேது என்பது அடுத்த ஆட்சேபம். சார்புடையது பொய்யானது என்று எண்ணுவதால் எழும் கேள்வி இது. சூட்டில் வளையும் அளவைச் சோதிக்கும்போது, 0.45 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் ஓர் எண் வரும், 1.82இல் வேறோர் எண் வரும். இரண்டும் மெய்யே. பளுவையும் சூடேற்றும் வேகத்தையும் மாதிரி செய்த விதத்தையும் குறித்துக்கொண்டு வேறு ஊரில் வேறொருவர் சோதித்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் கிடைக்கும். இவற்றைக் குறிக்காமல் 'வெப்பம் தாங்கும்' என்று மட்டும் அச்சிட்ட பாத்திரத்தை வாங்குபவருக்கோ, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டுமே தெரியாது.