துணிவு மட்டும் அறிவாகுமா?

வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். "எதையும் ஏன் என்று கேட்கச் சொல்கிறீர்கள், ஐயா! நியூட்டனையும் ஐன்ஸ்டீனையும் மட்டும் ஏன் நம்ப வேண்டும்? ஈர்ப்பு என்பதே பொய் என்கிறதே இந்த ஏடு!" என்றான். ஏட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அறைகூவல். அளந்து பார்க்க ஓர் எண்கூட இல்லை.

நல்ல கேள்வி! நாணயமான விடை அதற்கு வேண்டும்.

யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை. ஈர்ப்பு விதியே பிழையோ என்ற ஐயம் எழுந்தது. "அப்பால் வேறொரு கோள் இழுக்கிறது" என்று கணித்தார் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே. 1846இல், அவர் குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் தென்பட்டது.

புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு கண்டார் அவர். "கதிரவனுக்கருகே இன்னொரு கோள் உண்டு" என்றார். வல்கன் எனப் பெயரும் சூட்டினர். 1877இல் மறையும்வரை அதை நம்பினார் லெவெரியே. கண்டோம் என்றவரும் உண்டு. மீண்டும் காட்டத்தான் எவராலும் இயலவில்லை! நெப்டியூனைத் தந்த மேதை சொன்னார் என்பதற்காக, இல்லாத கோள் வானில் முளைத்துவிடவில்லை.

அப்பிசகு, நூறாண்டுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கே ஒரு விகலை! அத்துணைச் சிறு வழு நியூட்டனின் அரியணையை அசைத்தது. 1915இல் ஐன்ஸ்டீனின் புதுக் கொள்கை அதே 43ஐக் கணக்கிட்டுக் காட்டியது. அத்தோடு நின்றாரா? கதிரவனின் விளிம்பையொட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளையும் என முன்கூட்டியே உரைத்தார். நியூட்டன் வழிக் கணக்கோ அதில் பாதி. 1919 மே 29 கிரகணத்தின்போது எடிங்டன் முதலானோர் அளந்தனர். தீர்ப்பு ஐன்ஸ்டீன் பக்கம் சாய்ந்தது.

ஐன்ஸ்டீனும் கடவுளல்லர். விண்மீன் மண்டலங்கள் சுழலும் விரைவைக் கண்ணுக்குத் தெரியும் பொருளைக்கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. புலப்படாப் பொருள் உண்டென்பர் பலர். விதியையே திருத்துக என்றார் 1983இல் மில்குரோம். மறைந்திருப்பது இன்னொரு நெப்டியூனா, இன்னொரு வல்கனா? அளவையே விடை கூறட்டும்.

பழமை என்பதால் பணிவது மடமை. புதுமை என்பதால் பாய்ந்து தழுவுவதும் அதன் உடன்பிறப்பே! எதிர்க்கும் துணிவு ஐயத்தின் தொடக்கம். தன்னையே சோதனைக்கு ஒப்படைக்கும் நேர்மையே அதன் நிறைவு.

தம்பி! "எது நிகழ்ந்தால் உன் கொள்கை பொய்யென ஒப்புவாய்?" என்று அந்த ஏட்டைக் கேள். ஐன்ஸ்டீனைக் கேள். நம் மேடையைக் கேள். என்னையும் கேள்!